கட்டம் கட்டியவர்

"வெள்ளிக்கிழமை நீங்க வந்து ரெண்டே வார்த்தை சொன்னாப் போதுங்க. மூணாவது வார்த்தைகூட வேண்டாம்."

சமையல் மேடையில் சாய்ந்து நின்றபடி மனைவி சொன்னாள். அவள் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில், ஆண்கள் வார்டுக்குப் பொறுப்பு நர்ஸ். போன வாரம் அந்த வார்டில் ஒரு பெரியவருக்கு, அவருக்கு இல்லாத சர்க்கரை வியாதிக்கு ஊசி போட்டுவிட்டார்கள். வேர்த்து விறுவிறுத்து, கண் செருகி, எமன் வீட்டு வாசல்படி வரை போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார் மனிதர். இப்போது இரண்டு இட்டலி கூடுதலாகக் கேட்கிறாராம். ஆனாலும் விசாரணை என்று ஒன்று வேண்டுமே. தப்பு வார்டு மேல்தான் என்று முடிவானால் அவள் வேலை போகும். வேலையோடு நர்ஸ் பதிவுக்கும் வேட்டு வைப்பார்கள். அதற்கப்புறம் வெள்ளைச் சீருடையை மடித்து வைத்து அழகு பார்க்க வேண்டியதுதான்.

"என்ன ரெண்டு வார்த்தை?" என்றார் புருஷன், தெரியாதவர் போல.

"கட்டம் படிக்காது."

அவர் தண்ணீர் குடித்தார். தாகம் இல்லை. வாயை ஏதாவது ஒரு வேலையில் ஈடுபடுத்தி வைக்க வேண்டியிருந்தது.

அந்தக் கட்டத்தை வரைந்தவரே அவர்தான்.

லேபிள் அச்சகம் ஒன்றில் வடிவமைப்பாளர். பிஸ்கட் உறை, ஷாம்பு பாட்டில், மாத்திரை அட்டை என்று எதைப் புரட்டினாலும் அதன் முதுகில் இருக்கும் கோடுகளைப் போடுவது அவர் கைதான். பார்கோடு போய் க்யூஆர் கட்டம் வந்த பிறகு கட்டமும் அவரே. அச்சகத்தில் 'கட்டக்காரர்' என்று கூப்பிடுவார்கள். கட்டம் வந்த புதிதில் ஒரு கிழட்டு பைண்டர், "தம்பி, எனக்கு ஏழரை நடக்குது, என் கட்டத்தைக் கொஞ்சம் பாரேன்" என்று ஜாதக நோட்டை நீட்டிய நாளிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர்.

அச்சக முதலாளி வேறு யாருமில்லை, மனைவியின் அண்ணன். மச்சான் கம்பெனியில் மாப்பிள்ளை வேலை பார்த்தால் என்ன மரியாதை கிடைக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. 'மாப்ள' என்று பாசமாகக் கூப்பிட்டே டீ சொல்லிவிட்டு வரச் சொல்வார். மச்சானிடம் ஒரு விசேஷம் உண்டு. 'முடியாது' என்ற சொல்லை அச்சடிக்க எழுத்துக்கூட வாங்கி வைக்காதவர். வாடிக்கையாளர் வாயைத் திறப்பதற்குள் "செஞ்சிரலாங்க" என்று விடுவார். செய்கிற கை யாருடையது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அப்படித்தான் ஆஸ்பத்திரி ஆர்டர் வந்தது. நோயாளி மணிக்கட்டில் கட்டுகிற பட்டை, அதில் ஒரு கட்டம். நர்ஸ் மருந்து கொடுக்கும் முன் பட்டையையும் மருந்தையும் மெஷினால் படிக்க வேண்டும். பட்டையைப் படித்தால் ஒரு பச்சை, ஆளும் மருந்தும் பொருந்தினால் மறுபடி பச்சை, பொருந்தாவிட்டால் சிவப்பு. எளிமையான, நல்ல ஏற்பாடு. அது கெடுவதற்கு யாராவது பெரிய மனிதர் தேவைப்பட்டார்.

அந்தக் குறை நிறுவனரால் தீர்ந்தது.

நிறுவனர் முன்பு குளியலறை டைல்ஸ் விற்றவர். வழுக்காத டைல்ஸ் என்று சொல்லி விற்றார்; வழுக்கி விழுந்தவர்களுக்காகத்தான் ஆஸ்பத்திரி கட்டினார் என்று பொறாமைக்காரர்கள் சொல்வதுண்டு. 'மருத்துவ மாமணி', 'சேவைச் செம்மல்', 'கருணைக் கடல்' என்று மூன்று பட்டங்கள். கொடுத்தவர்கள் யார் என்று விசாரித்தால், கேடயத்துக்கும் பொன்னாடைக்கும் அவரே பில் கட்டியது தெரியவரும். ஆஸ்பத்திரி முழுக்க அவர் முகம். வரவேற்பறையில் முகம், மருந்துச் சீட்டில் முகம். லிஃப்ட் கதவில் ஆள் உயர முகம். கதவு திறக்கும்போது மூக்கோடு இரண்டாகப் பிளந்து நோயாளியை உள்ளே வாங்கிக்கொள்ளும்.

மாதிரிப் பட்டையைக் காட்டப் போன அன்று, நிறுவனர் அதைக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"இது என்ன, சர்க்கரையில எறும்பு மொய்ச்ச மாதிரி? நம்ம ஆஸ்பத்திரின்னு இதைப் பாத்தா எப்படித் தெரியும்?"

"இதைப் படிக்கிறது மெஷின்தாங்க ஐயா. அதுக்குத் தெரியும்" என்றார் கட்டக்காரர்.

"மெஷினுக்குத் தெரிஞ்சாப் போதுமா? ஜனங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

"ஐயா கேக்கறது நியாயம்தானே" என்றார் பக்கத்தில் நின்ற மக்கள் தொடர்பு அதிகாரி. மக்களோடு அவருக்கு எந்தத் தொடர்பும் கிடையாது. நிறுவனரின் கழுத்தசைவோடு மட்டும்தான். ஐயா தும்மினால் இவர் மூக்கைத் துடைத்துக்கொள்வார்.

அந்த இடத்தில் கட்டக்காரர் சும்மா இருந்திருக்கலாம். வாய் நமநமவென்றது. மனிதனுக்குத் தெரிந்த ஒரே விஷயத்தைப் பற்றிப் பேச வாழ்க்கையில் எப்போதோ ஒருமுறைதான் ஏசி அறையும் நாற்காலியும் கிடைக்கின்றன. மூன்று மூலையில் இருக்கும் மூன்று பெரிய சதுரங்களைக் காட்டினார். நாலாவது மூலையில் மட்டும் இருக்காது. அதனால் தலைகீழாகப் பிடித்தாலும் எது மேல், எது கீழ் என்று மெஷினுக்குப் புரிந்துவிடும் என்றார். நடுவில் இருக்கும் கறுப்பு, வெள்ளைப் புள்ளிகள்தான் விஷயம் என்றார். அதோடு நிறுத்தியிருந்தாலும் தப்பித்திருப்பார்.

"இதுல இன்னொரு அழகு இருக்குங்க ஐயா. சொன்ன விஷயத்தையே வேற கணக்குல மறுபடி மறுபடி உள்ள ஒளிச்சு வெச்சிருக்கும். முப்பது சதவீதம் அழிஞ்சு போனாலும், மிச்சத்தை வெச்சே முழுசையும் கண்டுபிடிச்சிரும்!"

நிறுவனர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப முப்பது சதவீதம் சும்மா கிடக்குதுங்கறீங்க."

"சும்மா இல்லீங்க ஐயா… கசங்கினா, அழுக்குப் பட்டா தாங்கணுமில்ல, அதுக்காக…"

"நம்ம ஆஸ்பத்திரியில அழுக்கு ஏது?"

கட்டக்காரர் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டதைப் போல அதிகாரி அவரைப் பார்த்தார்.

"நடுவுல என் படத்தைப் போட்டுருங்க" என்றார் நிறுவனர். "முப்பதையும் எடுத்துக்க வேண்டாம். நான் பேராசைக்காரன் இல்ல. ஒரு இருபத்தஞ்சு போதும். நீங்கதான் எக்ஸ்பர்ட் ஆச்சே, அழகாப் பண்ணிருவீங்க."

எக்ஸ்பர்ட்.

அந்த ஒற்றைச் சொல் கட்டக்காரரின் காது வழியாக நுழைந்து முதுகுத்தண்டில் இறங்கி நாற்காலியில் அவரை இரண்டு அங்குலம் உயர்த்தியது. வீட்டில் 'என்னங்க', அச்சகத்தில் 'மாப்ள', முதுகுக்குப் பின்னால் 'கட்டக்காரர்'. ஐம்பதை நெருங்குகிற வயதில் முதன்முதலாக ஒருவர் எக்ஸ்பர்ட் என்கிறார், அதுவும் தோல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு. சேதத்தைத் தாங்குவதற்காக வைத்த இடத்தை ஒரு முகத்துக்குத் தாரை வார்த்துவிட்டால், நிஜமான சேதம் வரும்போது தாங்க ஒன்றும் மிச்சம் இருக்காது என்று சொல்ல நினைத்தார். நினைத்ததோடு சரி.

"செஞ்சிரலாங்க ஐயா" என்றார் மச்சான்.

இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவது என்பார்களே, அது அடுத்தடுத்த வாரங்களில் நடந்தது. கட்டத்தைச் சுற்றி ஏன் வெள்ளையாக விட்டிருக்கிறது, இடம் வீண்தானே என்று கேட்டார் நிறுவனர். அந்த வெள்ளை ஓரம் இருந்தால்தான் கட்டம் எங்கே தொடங்குகிறது என்று மெஷினுக்குப் பிடிபடும் என்றார் எக்ஸ்பர்ட். "பாதி விடுங்க, பாதியில என் பட்டங்களைப் போடுங்க" என்று தீர்ப்பாயிற்று. மருத்துவ மாமணி இடப்பக்கம், சேவைச் செம்மல் வலப்பக்கம், கருணைக் கடல் கீழே. பிறகு, கட்டத்துக்குள் நோயாளி எண் மட்டுமா இருப்பது, தம் வாழ்த்துச் செய்தியும் இருக்கட்டும் என்றார். நம் எழுத்து ஒவ்வொன்றும் கட்டத்துக்குள் ஆங்கில எழுத்தைவிட மூன்று பங்கு இடம் கேட்கும். நாலு வரி வாழ்த்தில் புள்ளிகள் நெருங்கி நெருங்கி, கடுகு போல இருந்தவை ரவை போல ஆயின. கடைசியாகக் கறுப்பு அமங்கலம், தங்க நிறம் போடலாமே என்றார். வெள்ளைமேல் தங்கம் மெஷின் கண்ணுக்குத் தெரியவே தெரியாது என்று கெஞ்சிக் கூத்தாடிப் பழுப்பு நிறத்தில் சமாதானம் ஆனது. அதை மட்டும் தம் வாழ்நாள் வெற்றியாக எக்ஸ்பர்ட் மூன்று நாள் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அச்சான பட்டையை மேஜைமேல் நீட்டி வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தம் புது ஃபோனைக் காட்டினார். 'டிங்' என்றது.

"படிக்குது மச்சான். ஆனா இது ஃபோன். வார்டுல இருக்கறது பழைய மெஷின். கைல கட்டினா வளையும், வேர்வை படும், ஸ்பிரிட் படும்…"

"ஃபோன்ல படிக்குதில்ல?"

"படிக்குது."

"அப்புறம் என்ன மாப்ள? கிழவர் அவர் முகத்தை ஒட்டச் சொல்றாரு. உங்க முகத்தையா கிழிக்கச் சொல்றாரு? இந்த ஆர்டர் நிலைச்சா உங்களுக்குத் தனி ரூமு. கண்ணாடிக் கதவு. வாசல்ல 'டிசைன் ஹெட்'னு போர்டு."

கட்டக்காரர் ஆட்சேபத்தைப் பதிவு செய்துவிட்டதாகத் தமக்குத் தாமே கணக்கு எழுதிக்கொண்டு, போர்டில் எந்த எழுத்துரு நன்றாக இருக்கும் என்று யோசிக்கத் தொடங்கினார்.

பட்டை வார்டுக்குப் போன முதல் நாளே மனைவி சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டுச் சிரித்தாள். அது நல்ல சிரிப்பாக இல்லை.

"என்னங்க கட்டம் அது? மெஷினை வெச்சா 'டொய்ங் டொய்ங்'னு அழுவுது. அந்தத் தாத்தாவுக்குக் கை குச்சி மாதிரி. கட்டத்துல பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் வளைஞ்சு போயிருக்கு. 'கையைத் திருப்புங்க தாத்தா, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்'னு நான் சொல்ல, 'ஏம்மா, இது கையா, ரேடியோ குமிழா? எந்த ஸ்டேஷன் பிடிக்கற?'ங்கறாரு."

"கொஞ்சம் கோணம் பாத்துப் பிடிக்கணும்" என்றார் அவர்.

"கோணம் பாத்துப் பிடிச்சா உங்க ஐயா மூக்குதான் பளிச்சுனு தெரியுது."

இரண்டாம் நாள் வேர்வையில் பழுப்பு வெளிறியது. மூன்றாம் நாள் ஊசிக்கு முன் தடவும் ஸ்பிரிட் பட்டு, கருணைக் கடல் கரைந்து கட்டத்துக்குள் வழிந்தது. முகம் மட்டும் அழியவில்லை; அதற்கு உயர்ந்த மை போட்டிருந்தார்கள். அதே வாரம் நிறுவனரின் சுற்றறிக்கை வந்தது. எந்த வார்டில் சிவப்பு அதிகம் வருகிறதோ அந்த வார்டின் பெயர் வரவேற்பறைத் திரையில் ஓடுமாம். படிக்காத பட்டையும் சிவப்புக் கணக்குதான். மூன்றாம் மாடி ஆண்கள் வார்டு, திரையில் முதலிடத்தில் ஓடியது, தேர்தல் முடிவு மாதிரி.

மனைவி மேலிடத்தில் போய்ச் சொன்னாள். நாசூக்காகச் சொன்னாள், நறுக்கென்றும் சொன்னாள். "மத்த வார்டெல்லாம் ஒண்ணும் சொல்லலையே சிஸ்டர்" என்று அதிகாரி சிரித்தார். மற்ற வார்டுகள் எப்படிச் சமாளித்தன என்பது ஊர் அறிந்த ரகசியம். இவளுக்கும் அதே வழியைச் சொல்லிக் கொடுத்தவர் வேறு யாருமில்லை.

"கேஸ் ஃபைல்ல ஒட்ட ரிசப்ஷன்ல சின்ன ஸ்டிக்கர் அடிச்சுத் தர்றாங்கல்ல? அதுல முகமும் கிடையாது, முகவரியும் கிடையாது, வெறும் நம்பர், சுத்தக் கறுப்பு வெள்ளை. சொன்னா சொன்னபடி படிக்கும்" என்றார் கட்டக்காரர், ஞாயிற்றுக்கிழமை காலை பேப்பரை மடித்தபடி. "ஆளுக்கு ஒண்ணு கூடுதலா வாங்கி, ஒரு அட்டையில கட்டில் நம்பர்படி ஒட்டி உன் கவுண்டர்ல வெச்சுக்கோ. கையைப் படிக்கிறதுக்குப் பதிலா அட்டையைப் படி. எல்லாம் பச்சையா வரும்."

"அப்படிச் செய்யலாமா? கையில இருக்கற பட்டையப் படிச்சாத்தானே ஆளு இவருதான்னு…"

"நீ ஆளைப் பாக்கத்தானே போற? எக்ஸ்பர்ட் சொல்றேன், கேளு."

அவள் கேட்டாள்.

அட்டை வந்தது. திரையிலிருந்து மூன்றாம் மாடி மறைந்தது. ஒரு நாள், ஆறாம் கட்டில் ஆசாமி ஜன்னல் காற்று வேண்டுமென்று அடம்பிடித்து எட்டாம் கட்டில் பெரியவரோடு இடம் மாறிக்கொண்டார். அட்டையில் ஸ்டிக்கர் மாறவில்லை. புதிதாகச் சேர்ந்த நர்ஸ் ஆறாம் எண் ஸ்டிக்கரைப் படித்தாள், ஊசி மருந்தைப் படித்தாள். பச்சை. பச்சை வந்தால் தவறே நடக்காது என்பது சுவரில் சட்டம் போட்டு மாட்டிய நிறுவனரின் பொன்மொழி. ஆறாம் கட்டிலில் படுத்திருந்தவருக்கு ஊசி இறங்கியது. சர்க்கரைக்காரர் எட்டாம் கட்டிலில் காற்று வாங்கிக்கொண்டிருந்தார்.

புதிய பெண் அழுதாள். "அட்டை நான் வெச்சது. பொறுப்பும் என்னோடது" என்று மனைவி அவளை விலக்கி நிறுத்திவிட்டுத் தான் முன்னே போய் நின்றாள். அவள் வளர்ந்த வளர்ப்பு அப்படி. அதே வீட்டில் வளர்ந்த அவள் அண்ணனுக்கு மட்டும் அது எப்படியோ தப்பிவிட்டது.

"அட்டை யோசனை யாருதுன்னு நான் வாயத் திறக்க மாட்டேன்" என்றாள் இப்போது, சமையல் மேடையில் சாய்ந்தபடி. "அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம். பட்டை படிக்கலை, அதனாலதான் அட்டைன்னு தெரிஞ்சா எச்சரிக்கையோட விட்டுருவாங்க. அதைச் சொல்ல உங்களவிட ஆளு யாரு இருக்கா?"

"சொல்றேன்ம்மா. சொல்லாம?" என்றார் அவர்.

வியாழக்கிழமை மச்சான் தம் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"மாப்ள, நாளைக்கு ஐயா உங்களையும் வரச் சொல்லியிருக்காரு. எக்ஸ்பர்ட்டா."

"உங்க தங்கச்சி வேலை மச்சான்…"

"எனக்கு மட்டும் வலிக்காதா? கூடப் பொறந்தவ மாப்ள! ஆனா யோசிங்க. நர்ஸுக்கு வேலையா இல்ல? தெருவுக்கு ரெண்டு கிளினிக்கு. கட்டம் தப்புன்னு நீங்களே சொன்னா, அடிச்ச பட்டை அத்தனையும் நம்ம தலையில. அப்புறம் நீங்களும் நானும் சேர்ந்து தெருமுனையில கல்யாணப் பத்திரிகை மடிக்கலாம்." குரலைத் தாழ்த்தினார். "பொய் சொல்லச் சொல்லல. ஃபோன்ல படிக்குதா இல்லையா? படிக்குது. அதைச் சொல்லுங்க. அது உண்மைதானே?"

வெளியே வரும்போது தாழ்வாரத்தில் தச்சர் ஒரு கண்ணாடிக் கதவைச் சுவரில் சாய்த்து வைத்து அளவெடுத்துக்கொண்டிருந்தார். "சார், கைப்பிடி வலது பக்கமா, இடது பக்கமா?" என்று கேட்டார். கட்டக்காரர் சற்று நேரம் யோசித்து, "வலது" என்றார்.

விசாரணை அறையில் நீள மேஜை. தலைமாட்டில் நிறுவனர், அவருக்கு வலக்கைப் பக்கம் அதிகாரி, இடக்கைப் பக்கம் தலைமை மருத்துவர். மருத்துவர் நிஜமாகவே படித்தவர். ஆனால் தலையை எந்தத் திசையில் ஆட்டுவது என்பதை நிறுவனரைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். சுவரோரம் மச்சானும் மாப்பிள்ளையும். எதிரே, சீருடை மடிப்புக் கலையாமல், மனைவி. வார்டு மெஷினைக் கையோடு கொண்டுவந்திருந்தாள்.

"அட்டை வெச்சது தப்புதாங்க ஐயா. ஒத்துக்கறேன். ஆனா பட்டை படிக்கலை. அதைப் பல தடவை சொல்லிட்டேன்."

"எக்ஸ்பர்ட், படிக்குதான்னு காட்டுங்க" என்றார் நிறுவனர்.

கட்டக்காரர் எழுந்து, புதிய பட்டை ஒன்றை மேஜைமேல் நீட்டி வைத்து, ஃபோனைக் காட்டினார். 'டிங்.' திரையில் நிறுவனரின் வாழ்த்துச் செய்தி நாலு வரியும் மலர்ந்தது. அதிகாரி அதை வாய்விட்டுப் படித்தார், இரண்டு முறை.

"மேஜையில படிக்கும்ங்க. ஃபோனும் படிக்கும்" என்றாள் மனைவி. "மேஜைக்கு நாங்க ஊசி போடறதில்லையே. கையில கட்டி, இந்த வார்டு மெஷின்ல படிச்சுப் பாருங்க."

"கட்டிப் பாத்துருவோம்" என்று நிறுவனர் தம் கையையே நீட்டினார். அதிகாரி பக்தியோடு பட்டையைக் கட்டினார். மணிக்கட்டா அது? தோசைக்கல் மாதிரி பரந்து கிடந்தது. டைல்ஸ் மூட்டை தூக்கி வளர்ந்த எலும்பு, அதன்மேல் பல வருட விருந்துச் சதை. கட்டம் அதில் வளைவு நெளிவே இல்லாமல், வேர்வை இல்லாமல், ஏசிக் காற்றில் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டது. மனைவி மெஷினை வைத்தாள்.

பச்சை.

அதிகாரி கை தட்டினார். மருத்துவர் தலையை மேலும் கீழும் ஆட்டினார்.

"ஐயா, உங்க கை மாதிரி கை இருக்கறவங்க எங்க வார்டுல வந்து படுக்கறதில்லீங்க" என்றாள் மனைவி.

பாராட்டு என்று நினைத்து நிறுவனர் பாதி சிரித்துவிட்டார். மீதிப் பாதிக்குப் போகும் வழியில் முகம் மாறியது.

"ஒரு நோயாளி கையில பாருங்க. மூணாவது மாடிதான், லிஃப்ட்ல ஒரு நிமிஷம்" என்றாள்.

"நோயாளிகளைத் தொந்தரவு பண்ணறது நம்ம கொள்கை இல்ல" என்றார் நிறுவனர். "எக்ஸ்பர்ட், நீங்க சொல்லுங்க. இந்தக் கட்டத்துல ஏதாவது குறை இருக்கா?"

மனைவி திரும்பிப் பார்த்தாள். கெஞ்சவில்லை, மிரட்டவில்லை. பஸ் வந்தால் ஏறிக்கொள்ளலாம் என்று நிற்பவள் போல, சாதாரணமாகப் பார்த்தாள். வரும் என்று நம்பித்தான் நின்றாள்.

கட்டக்காரருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நடுவில் போன இருபத்தைந்து, ஓரத்தில் போன வெள்ளை, ரவையாய்ப் போன புள்ளி, வெளிறிப் போன பழுப்பு. ஒவ்வொன்றாகச் சொல்ல அரை நிமிடம் போதும். சுருக்கமாகச் சொல்ல இரண்டு வார்த்தை போதும். மச்சான் தொண்டையைச் செருமினார்.

"கட்டத்தைப் பொறுத்தவரைக்கும்… விதிமுறைப்படி இருக்குங்க ஐயா. படிக்கிற கோணம்தான் முக்கியம். அதுல சிஸ்டர் கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்."

ஆஸ்பத்திரியே அவளை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். அப்படிக் கூப்பிடக் கூடாத ஆண்பிள்ளை உலகத்தில் ஒருவர்தான் உண்டு, அவரும் கூப்பிட்டுவிட்டார். அதிகாரிக்கு இருமல் வந்தது. இருமலுக்குள் சிரிப்பு இருந்தது.

மனைவி மெஷினை மேஜைமேல் வைத்தாள். "சரிங்க" என்றாள். நிறுவனரைப் பார்த்துச் சொன்னாளா, வேறு யாரைப் பார்த்துச் சொன்னாளா என்று தெரியவில்லை.

பணிநீக்கக் கடிதம் ஏற்கெனவே அடித்துத் தயாராக இருந்தது. தேதிகூட சரியாக இருந்தது. பதிவை ரத்து செய்யச் சொல்லி நர்ஸ் கவுன்சிலுக்கு எழுதுவதாக மருத்துவர் தரையைப் பார்த்துச் சொன்னார். "மனசுல வெச்சுக்காதம்மா, அண்ணன் இருக்கேன்" என்று மச்சான் தோளைத் தொடப் போனார். அவள் தோள் அங்கே இல்லை, நகர்ந்துவிட்டிருந்தது.

"எக்ஸ்பர்ட்" என்றார் நிறுவனர், பட்டையைக் கழற்றச் சொல்லிக் கையை நீட்டியபடி. "நீங்க சொன்ன அந்தக் கோணம், அதை எல்லா நர்ஸுங்களுக்கும் ஒரு வகுப்பா எடுத்துருங்க. அடுத்த வாரமே."

"செஞ்சிரலாங்க ஐயா" என்றார் கட்டக்காரர். அந்தச் சொல் தம் வாயில் எப்போது குடியேறியது என்று அவருக்கே தெரியவில்லை.

செய்தி அவர்களுக்கு முன்னால் மூன்றாம் மாடிக்குப் போய்விட்டது. படிக்கட்டில் இரண்டு ஆயாக்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். கட்சியில் ஒருவரை வெளியேற்றினால் சொல்வார்களே, அதே பேச்சு.

"நம்ம சிஸ்டரைக் கட்டம் கட்டிட்டாங்களாம்டி."

"கட்டினது யாரு தெரியுமா? வீட்டுக்காரராம்!"

"அடப்பாவி. அவருக்கு அதானே தொழிலே."

கட்டக்காரர் கேட்காதவர் போல வேகமாக இறங்கினார். கீழே ஊழியர் வாசலில் அவளைப் பிடித்தார். பைக்குள் செருப்பு, தண்ணீர் பாட்டில், அலமாரியில் இருந்த சீப்பு. அவ்வளவுதான் சாமான்.

"இங்க பாரு, நான் அப்படிச் சொல்லலைன்னா உங்க அண்ணன் கம்பெனியே… வீட்டுக்குப் போய்ப் பேசலாம். நான் விளக்கறேன்."

அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை வாசல் கம்பத்தில் இருந்த கண்ணாடியில் காட்டினாள். இடுப்புயரத் தடுப்புக் கதவு அசையவில்லை. மறுபடி காட்டினாள். கம்பத்தில் சிவப்பு.

"அட்டையைக் கேன்சல் பண்ணிட்டாங்க போல சிஸ்டர்" என்றார் காவலாளி, சங்கடத்தோடு. "இப்பதான் மேலேருந்து சொன்னாங்க. பண்றதுதான் பண்ணாங்க, நீங்க வெளிய போன பிறகு பண்ணக் கூடாதா? வெளிய விடவும் இது வேணுமே. இருங்க, மேல கேட்டுட்டுத் திறக்கறேன். நானா திறந்தா அலாரம் அடிக்கும், என் சீட்டைக் கிழிச்சிருவாங்க."

"மெதுவாக் கேளுங்க அண்ணே. அவசரம் இல்ல" என்றாள் அவள்.

கட்டக்காரர் அவசரமாகச் சட்டைப் பையிலிருந்து தம் விருந்தினர் சீட்டை எடுத்தார். 'சிறப்பு விருந்தினர்' என்று போட்டிருந்தது. "இந்தா, இதைக் காட்டிட்டு நீ முதல்ல போ."

அவள் அதைப் பார்த்தாள். வாங்கவில்லை. தள்ளி நின்று வழி விட்டாள், வார்டில் டாக்டருக்கு விடுவாளே, அப்படி.

பின்னால் வேலை முடிந்த ஊழியர்கள் சேரத் தொடங்கினார்கள். ஒருவன், "சார், போறதுன்னா போங்க, இல்ல வழிய விடுங்க" என்றான். கையில் சீட்டோடு நடுவில் நின்றால் அசிங்கம். கட்டக்காரர் காட்டினார். பச்சை. கதவு விரிந்தது, கம்பத்துக்குள்ளிருந்து நிறுவனரின் பதிவு செய்த குரல், "வருகைக்கு நன்றி, மீண்டும் வருக" என்றது. ஆஸ்பத்திரியில் சொல்லக் கூடாத வாழ்த்து அது என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. கட்டக்காரர் அந்தப் பக்கம் போனார், கதவு மூடிக்கொண்டது.

தடுப்புக்கு மேலே கையை நீட்டி, "பையையாவது கொடு, நான் வெச்சுக்கறேன்" என்றார்.

அவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். காவலாளி ஃபோனில், "ஆமாங்க, மூணாவது மாடி சிஸ்டர்தான். ஆமாங்க. இல்லீங்க, வெளிய போகத்தான்" என்று யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார்.

"நீங்க கிளம்புங்க" என்றாள் அவள். "தச்சர் காத்துட்டு இருப்பாரு. அண்ணன் மத்தியானமே சொன்னாரு, இன்னைக்குத்தான் கதவு மாட்டறாங்களாமே."

அவர் கிளம்பவில்லை. அவள் காவலாளியின் நாற்காலியை இழுத்துப் போட்டு, புருஷனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். வரிசையில் நின்ற புதிய நர்ஸ் பக்கத்தில் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மற்றவர்கள் ஒவ்வொருவராக அட்டையைக் காட்டி வெளியே வந்தார்கள். வந்த ஒவ்வொருவரும், வாசலுக்குக் குறுக்கே நின்ற கட்டக்காரரைக் கொஞ்சம் சுற்றிக்கொண்டு போனார்கள்.